கசப்போடு ஊர் திரும்பியவள்



வாழ்க்கைக்கு ஒரு நோக்கம் வேண்டும் என்று சொல்லாத பயிற்சிப் பட்டறை எமது பகுதிகளில் இல்லை. 2009இற்குப் பின்னர் மீள்குடியேறிய கிராமங்களில் எத்தனை நிறுவனங்கள் வந்தன, எத்தனை பட்டறைகள் நடந்தன என்பதை உங்களில் பலர் என்னைவிட நன்றாக அறிவீர்கள். பெரிய வெள்ளைத் தாளைச் சுவரில் ஒட்டி, வர்ணப் பேனையைக் கையில் தந்து, "இன்னும் 5 வருடத்தில் நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்பார்கள். அப்படியான ஒரு பட்டறையில் நானும் உதவிக்கு நின்றிருக்கிறேன். ஓர் அம்மா பேனையை வாங்கி, நிதானமாக "இங்கேதான்" என்று எழுதிவிட்டுப் போய் அமர்ந்துகொண்டார். பயிற்றுவித்தவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கோ அன்று எழுதப்பட்டவற்றுள் அதுவே பெரிய ஆசையாகப் பட்டது. கிளிநொச்சியிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை பாயும் பானையுமாக ஓடிய ஒருவருக்கு 5 வருடம் ஒரே முற்றத்தில் இருப்பது என்ன, சின்ன விடயமா?

நான் சமூகவியல் படித்தவள். உளசமூகப் பணிக்காகப் பல வருடங்களாக வன்னிக் கிராமங்களுக்குப் போய் வருகிறேன். ஞாயிறு மாலைகளில் ஒரு கிராமத்துத் தேவாலய மண்டபத்தில் விவிலியம் வாசிக்கும் பெண்கள் வட்டம் ஒன்றிலும் இருக்கிறேன். 12, 15 பேர் வருவார்கள். கத்தோலிக்கர், வேறு திருச்சபையினர், அயல்வீட்டுச் சிநேகிதத்தில் கூட வரும் சைவச் சகோதரிகள் என எல்லோரும் அதில் உண்டு. கடந்த வருடம் நாம் அங்கே வாசித்தது ரூத்தின் புத்தகம். 4 அதிகாரங்கள், 85 வசனங்கள், அவ்வளவுதான். நோக்கத்தோடு வாழ்வது பற்றி நான் படித்த தன்னம்பிக்கை நூல்களில் காணாத சில விடயங்கள் அதில் இருந்தன. அவற்றையே உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெத்லகேம் என்ற பெயருக்கு அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த ஊரிலேயே பஞ்சம் வந்தது. எலிமெலேக்கு என்பவன் மனைவி நகோமியையும் இரண்டு ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு சாக்கடலுக்கு அப்பால் இருந்த மோவாப் நாட்டுக்கு இடம்பெயர்ந்தான். அங்கே அவன் இறந்தான். பிள்ளைகள் மோவாப் பெண்களை மணந்தார்கள். ஏறத்தாழ 10 வருடங்களில் அவர்களும் இறந்துபோனார்கள். எஞ்சியது மூன்று விதவைகள். பேரப்பிள்ளை ஒன்றும் இல்லை. ஊரில் மீண்டும் விளைச்சல் வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு நகோமி புறப்பட்டாள். மருமக்களை அவரவர் தாய் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொன்னாள். ஓர்பாள் அழுது, மாமியை முத்தமிட்டு, திரும்பிப் போனாள். ரூத் போகவில்லை.

வாசித்துக்கொண்டிருந்த அக்கா இந்த இடத்தில் நிறுத்தி, "இது எங்கட கதையெல்லோ" என்றார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசவில்லை.

ஓர்பாளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரசங்கங்களில் அவளைக் கொஞ்சம் மட்டமாகத்தான் பேசுவார்கள். புத்தகமோ அவளை ஒரு சொல்லாலும் குறை கூறவில்லை. மாமி சொன்னபடி செய்தாள். எங்கள் வட்டத்தில் ஓர் அம்மா இருக்கிறார். போரில் கணவனை இழந்த அவருடைய மகள் மறுமணம் செய்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டாள். ஊரில் அதற்காக அவர் கேட்ட பேச்சுக் கொஞ்சமல்ல. ஓர்பாளைக் கடவுள் தண்டிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை என்று நாம் பேசிக்கொண்டபோது அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து இருந்தார்.

கசப்பை யாரும் கண்டிக்கவில்லை

நகோமி ஊருக்குள் நுழைகிறாள். ஊரே கூடிவிடுகிறது. இவள் அந்த நகோமிதானா என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்கிறார்கள். நகோமி என்ற பெயருக்கு இனிமையானவள் என்று பொருள். அவளோ, அந்தப் பெயரால் இனி என்னை அழைக்க வேண்டாம், மாரா என்று அழையுங்கள் என்கிறாள். மாரா என்றால் கசப்பு. நிறைவாகப் போன தன்னைக் கடவுளே வெறுமையாகத் திருப்பிக் கொண்டுவந்தார் என்று நடுத்தெருவில் நின்று முறையிடுகிறாள்.

இதைச் சொல்லும்போது ரூத் பக்கத்திலேயே நிற்கிறாள். தாய்நாட்டை விட்டுத் தனக்காக வந்த பெண்ணை அருகில் வைத்துக்கொண்டே, வெறுமையாக வந்தேன் என்கிறாள் மாமி. ரூத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்? அவள் எதுவும் சொல்லவில்லை. துயரத்தில் இருப்பவருக்குப் பக்கத்தில் இருப்பவர் தெரிவதில்லை என்பதை எமது பணியில் அடிக்கடி காண்கிறோம். இருக்கிற பிள்ளைகள் இதனால் எவ்வளவு வாடுகிறார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விடயம்.

நான் இங்கே கவனித்தது இன்னொன்று. நகோமியை யாரும் கண்டிக்கவில்லை. கடவுளைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அயலவர் எவரும் கேட்கவில்லை. வானத்திலிருந்து ஒரு குரலும் வரவில்லை. இந்தப் புத்தகம் முழுவதிலும் கடவுள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை, அற்புதம் எதுவும் நடப்பதில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம், "எல்லாம் தேவ சித்தம்", "முறுமுறுக்கக் கூடாது", "விசுவாசம் காணாது" என்றெல்லாம் சொல்லிவிடுகிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த வார்த்தைகளுக்குப் பயந்து ஆலயத்துக்கு வருவதையே விட்டுவிட்ட தாய்மாரை எனக்குத் தெரியும். கடவுளோடு சண்டை பிடிப்பவள் கடவுளை நம்பாதவளா? நம்பாதவள் ஏன் சண்டை பிடிக்கப் போகிறாள்? 150 சங்கீதங்களில் கணிசமானவை முறைப்பாடுகள்தான். அவற்றை ஆலயத்தில் பாட்டாகவே பாடினார்கள்.

நகோமியின் கசப்பு ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்று புத்தகம் காத்திருக்கவும் இல்லை. அவர்கள் ஊருக்கு வந்தபோது வாற்கோதுமை அறுவடை தொடங்கியிருந்தது என்று அடுத்த வரியிலேயே சொல்லிவிடுகிறது.

வயலின் ஓரம்

நகோமி வீட்டில் இருந்தாள். வயலுக்குப் போய்க் கதிர் பொறுக்குகிறேன் என்று தானாகக் கேட்டவள் ரூத். அது பிச்சை அல்ல. லேவியராகமம் 19ஆம் அதிகாரத்திலும் உபாகமம் 24ஆம் அதிகாரத்திலும் அதற்குச் சட்டம் இருக்கிறது. வயற்காரன் வயலின் ஓரம்வரை அறுக்கக் கூடாது. சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது. மறந்து விட்டுவந்த கட்டை எடுக்கத் திரும்பிப் போகக் கூடாது. அவை ஏழைக்கும் பரதேசிக்கும் அநாதைக்கும் விதவைக்கும் உரியவை. வயற்காரனின் நல்ல மனதை நம்பி விடப்பட்டிருந்தால் அது தருமம். சட்டமாக எழுதப்பட்டதால் அது உரிமை. சமூகவியல் படித்தவள் என்பதால் எனக்கு இந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது. முன்பு சமுர்த்திக்கும், 2023 முதல் அஸ்வெசும கொடுப்பனவுக்கும் பிரதேச செயலகத்தில் போய் நிற்கும் சகோதரிகள் பலர் ஏதோ குற்றம் செய்தவர்கள் போல ஒதுங்கி நிற்பதைக் காண்கிறேன். ரூத் காலையிலிருந்து அந்த வயலில் நிமிர்ந்து நின்றாள் என்றுதான் மேற்பார்வையாளன் முதலாளியிடம் சொல்கிறான். ஓய்வு எடுத்தது கொஞ்ச நேரம்தானாம்.

எங்கள் வட்டத்தின் மூத்த அம்மாவுக்குக் கதிர் பொறுக்கிய அனுபவம் உண்டு. கையால் அரிவு வெட்டிய காலத்தில், சிறுமியாக இருந்தபோது, தாயோடு பனையோலைப் பெட்டியை எடுத்துக்கொண்டு போவாராம். நாள் முழுக்கக் குனிந்து பொறுக்கி, அடித்துப் புடைத்தால் இரண்டு மூன்று கொத்து நெல் தேறுமாம். (இப்போது அறுவடை மெசின் வந்த பிறகு அதுவும் இல்லை என்பது அவருடைய குறை.) ரூத்துக்கு அன்று கிடைத்தது ஏறக்குறைய ஓர் எப்பா. அதைச் சுமார் 22 லீற்றர் என்று கணக்கிடுகிறார்கள். எமது அளவில் அரைப் புசலுக்கும் கொஞ்சம் கூட. அம்மா உடனே தலையை ஆட்டினார். "வெட்டுற ஆக்கள் வேணுமெண்டு விட்டுக்குடுத்தால்தான் அவ்வளவு சேரும்." அவர் சொன்னது சரி. வயலுக்குச் சொந்தக்காரனான போவாஸ், அரிக்கட்டுகளிலிருந்தும் சில கதிர்களை உருவி அவளுக்காகப் போட்டுவிடும்படி வேலையாட்களிடம் முன்னமே சொல்லியிருந்தான்.

வயலைப் புத்தகம் அழகான படமாக மட்டும் காட்டவில்லை. அங்கே ஆபத்தும் இருந்தது. அவளைத் தொடக் கூடாது என்று வாலிபர்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறேன் என்று போவாஸ் சொல்ல வேண்டியிருந்தது. வேறு வயலுக்குப் போகாதே, போவாஸின் வேலைக்காரப் பெண்களோடேயே இரு என்று நகோமியும் சொல்கிறாள். விடியற்காலையில் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறிக் கூலி வேலைக்குப் போகும் சகோதரிகளுக்கு இதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. துணிச்சலாக இரு என்று ஒரு பெண்ணிடம் சொல்வது சுலபம். யாரோடு போவது, எங்கே தண்ணீர் குடிப்பது, யார் பொறுப்பு என்பதையும் இந்தப் புத்தகம் யோசித்திருக்கிறது.

மத்தியானச் சாப்பாட்டுக் காட்சி எங்கள் வட்டத்தில் அரை மணித்தியாலம் எடுத்தது. போவாஸ் வறுத்த தானியம் கொடுக்கிறான். ரூத் வயிறு நிறையச் சாப்பிடுகிறாள். மிச்சத்தை எடுத்துவைத்து மாலையில் மாமிக்குக் கொடுக்கிறாள். சாப்பாட்டில் மிச்சம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோகாத தாய் எங்களில் யார்? ஆனால் வரிசையைப் பாருங்கள். முதலில் தான் வயிறு நிறையச் சாப்பிட்டாள். "நாங்கள் மிச்சம் பிடிச்சுப் போட்டுத்தானே சாப்பிடுறனாங்கள்" என்று ஓர் அக்கா சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இரத்தச்சோகையும் தலைச்சுற்றும் கிளினிக் துண்டுகளும் இருக்கின்றன. பெண்ணின் முன்னேற்றம் என்று பேசும் எவரும் அவளுடைய சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து ஆரம்பிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

அன்று மாலை வாற்கோதுமையையும் அந்த மிச்சத்தையும் கண்டபோதுதான், ஊர் திரும்பிய நகோமியின் வாயிலிருந்து முதன்முறையாக ஆசீர்வாதம் வருகிறது. எங்கே பொறுக்கினாய், யாருடைய வயல் என்று கேட்கிறாள். போவாஸ் நமக்கு உறவுக்காரன் என்று நினைவுகூர்கிறாள். திட்டம் போடத் தொடங்குகிறாள். அவளை எழுப்ப எந்தப் போதனையும் தேவைப்படவில்லை.

ரூத்துக்குத் தன் வாழ்க்கையின் நோக்கம் தெரிந்திருந்ததா? தெரிந்ததாகப் புத்தகம் சொல்லவில்லை. இரண்டு பேருக்கு இரவுச் சாப்பாடு வேண்டும் என்பது தெரிந்திருந்தது. போவாஸின் வயலுக்குக்கூட அவள் தற்செயலாகவே போய்ச் சேர்ந்தாள். அவளுடைய பேரனின் மகன் தாவீது அரசனாவான் என்பதோ, மத்தேயு நற்செய்தியின் முதலாம் அதிகாரத்தில் இயேசுவின் வம்ச வரலாற்றில் தன் பெயர் எழுதப்படும் என்பதோ அவளுக்குத் தெரிய வழியே இல்லை.

காணியும் பெயரும்

மீதிக் கதையில் போவாஸ் ஊர் வாசலில் 10 பெரியவர்களைச் சாட்சியாக அமர்த்தி, எலிமெலேக்கின் காணியை மீட்டு, ரூத்தை மணந்துகொள்கிறான். முடிவில் கல்யாணம் வருவதால் துணை இழந்த பெண்ணுக்கு மறுமணம்தான் வழி என்று சிலர் பொருள் சொல்வார்கள். அதே அதிகாரத்தில் காணிப் பிரச்சினையும் தீர்க்கப்படுவதை அவர்கள் கவனிப்பதில்லை. நகோமி அந்தக் காணியை விற்க முன்வருகிறாள் என்று புத்தகம் சொல்கிறது. அவளுடைய சொல்லுக்கு அங்கே இடம் இருந்தது.

எமது சகோதரிகளுக்காக இந்த இடத்தில் இரண்டு விடயங்கள். அரசாங்க அனுமதிப்பத்திரக் காணிகளுக்குரிய 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில், வாரிசு நியமிக்கப்படாதபோது ஆண் பிள்ளைகளுக்கே முன்னுரிமை இருந்தது. 2022ஆம் ஆண்டின் திருத்தம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரில் உள்ள காணியை விற்பதற்கோ ஈடு வைப்பதற்கோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவர் காணாமற்போயிருந்தால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அதற்குப் பதிலாக உத்தரவு பெறலாம். சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகங்களில் இதற்கு வழி கேட்கலாம்.

ரூத்துக்கு மகன் பிறந்தபோது ஓபேத் என்று பெயர் வைத்தவர்கள் அயல்வீட்டுப் பெண்கள். நகோமி ஊருக்குள் வந்த அன்று அவளுடைய முறைப்பாட்டைக் கேட்டுக்கொண்டு நின்ற அதே ஊர்ப் பெண்கள். இப்போது அவர்கள், உன் மருமகள் ஏழு ஆண் பிள்ளைகளைவிட மேலானவள் என்று நகோமியிடம் சொல்கிறார்கள். வெறுமையாக வந்தேன் என்று அவள் சொன்னதற்கு அன்று வராத பதில், ஒரு வருடமோ இரண்டு வருடமோ கழித்து, அவள் மடியில் குழந்தை இருக்கும்போது வருகிறது. அவளை மாரா என்று கதையில் ஒருவரும் ஒருபோதும் அழைக்கவில்லை.

கல்லறை தெரியாதவர்கள்

இதெல்லாம் சரி, நகோமிக்குத் தன் மூன்று பேரும் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்பது தெரியும். 2009 மே மாதத்தில் மகனைக் கடைசியாகக் கண்ட ஒரு தாய் எங்கள் வட்டத்தில் இருக்கிறார். வாழ்வாதார உதவி எதற்கும் அவர் பெயர் கொடுப்பதில்லை. ஏன் என்று நெடுநாள் தெரியவில்லை. ரூத்தை வாசித்து முடித்த அன்று சொன்னார். "நான் கோழி வளர்த்து, வீட்டைக் கட்டி, நல்லா இருந்தனெண்டால், அவன் வரேக்க பார்த்திட்டு அம்மா என்னை மறந்திட்டா எண்டு நினைப்பான் பிள்ளை."

இதற்கு நான் படித்த பாடத்தில் ஒரு பெயர் உண்டு. போலின் பொஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் இதைத் தெளிவற்ற இழப்பு என்று அழைத்தார். இருக்கிறார் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. அதனால் துக்கமும் நடுவழியில் உறைந்து நின்றுவிடுகிறது. இப்படிப்பட்டவர்களிடம் முடிவு கட்டு, மற என்று சொல்லக் கூடாது என்பது அவருடைய கருத்து. அவர் வரலாம், வராமலும் போகலாம் என்ற இரண்டு நினைவையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டே வாழப் பழகத் துணை செய்ய வேண்டும் என்கிறார்.

அந்தத் தாய்க்காக அடுத்த கிழமை நாம் 2 சாமுவேல் 21ஆம் அதிகாரத்தை வாசித்தோம். ஆலயங்களில் அதிகம் வாசிக்கப்படாத பகுதி அது. சவுல் அரசனின் மறுமனையாட்டி ரிஸ்பாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளும் சவுலின் பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும், சவுல் செய்த குற்றத்துக்காகக் கொல்லப்பட்டு மலையில் விடப்பட்டார்கள். ரிஸ்பாள் இரட்டுத் துணியைப் பாறையின் மேல் விரித்து அங்கேயே இருந்துவிட்டாள். பகலில் பறவைகளையும் இரவில் மிருகங்களையும் அந்த உடல்களை அண்டவிடவில்லை. அறுவடை தொடங்கிய நாளிலிருந்து மழை பெய்யும்வரை இருந்தாள். ஒரு வார்த்தையும் அவள் பேசியதாக எழுதப்படவில்லை. அவள் செய்தது தாவீது அரசனின் காதுக்கு எட்டியது. அவன் சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுப்பித்து, கொல்லப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்ப்பித்தான். அதன் பிறகே அடக்கம் நடந்தது.

ரிஸ்பாள் பாறையில் அமர்ந்ததும் வாற்கோதுமை அறுவடையின் தொடக்கத்தில்தான். ரூத் வயலுக்குப் போன அதே பருவம். ஒருத்தி வயலுக்குப் போனாள், ஒருத்தி பாறையில் இருந்தாள். இருவரில் எவரையும் வேதம் குறைவாகச் சொல்லவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் தொடங்கிய உறவுகளின் தொடர் போராட்டத்தில் இருந்த தாய்மாரைப் பார்த்து, இவர்கள் இன்னும் பழசிலேயே நிற்கிறார்கள் என்று பேசியவர்கள் உண்டு. அவர்களில் பலர் பதில் கிடைக்காமலே கண்ணை மூடிவிட்டார்கள். அப்படிப் பேசுகிறவர்கள் ரிஸ்பாளின் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கலாம்.

அந்தத் தாய் வாசிப்பை முழுவதும் கேட்டுவிட்டு, "அவள் சாப்பிட்டிருப்பாளோ?" என்று மட்டும் கேட்டார். யாரோ தண்ணீரும் சாப்பாடும் கொண்டுபோயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அத்தனை நாள் இருந்திருக்க முடியாது என்று எல்லோருமாக முடிவு செய்தோம். புத்தகத்தில் அது இல்லை. அதன் பிறகு சில மாதங்கள் கழித்து அவர் 6 கோழிக் குஞ்சுகள் வாங்கினார். "மகனுக்குத்தான் வளர்க்கிறன்" என்கிறார். போராட்டத்துக்குப் போகும் நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா வந்து தீன் போடுகிறார். முட்டை விற்ற காசு தனியாக ஒரு ரின்னில் இருக்கிறது.

உங்கள் ஊரிலும் நாலைந்து பேர் சேர்ந்து இந்தப் புத்தகத்தை வாசிக்கலாம். முழுவதையும் உரத்து வாசிக்க 20 நிமிடங்கள் போதும். ஆனால் ஒரு நாளில் ஓர் அதிகாரத்துக்கு மேல் போகாதீர்கள். வாசிக்கத் தெரியாதவர்களுக்கே இதில் சொல்வதற்கு நிறைய இருக்கும், அவர்களை முதலில் பேசவிடுங்கள். யாராவது அழுதால் உடனே ஜெபத்தைத் தொடங்கிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள். நித்திரையின்மையும் சாக வேண்டும் என்ற எண்ணமும் யாருக்காவது இருந்தால் வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், அல்லது தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எந்த நேரமும் பேசலாம். மாரியில் நேரத்துக்கே இருட்டிவிடுவதால் நாங்கள் இப்போது 4 மணிக்கே கூடுகிறோம். எஸ்தரின் புத்தகத்தில் இரண்டாம் அதிகாரத்தில் நிற்கிறோம்.